கேளாமற் போன பெயர்

சென்ற ஆண்டு நம் சங்கம் நடத்திய பட்டிமன்றத்தில் நான் ஒரு பொய் சொன்னேன். அதைக் கேட்டவர்கள் பலர் இன்னும் இவ்வளாகத்தில்தான் இருக்கிறார்கள். மேடையில் சொன்ன பொய்யை ஏட்டிலாவது திருத்திவிட வேண்டும் என்ற எண்ணமே என்னை இதை எழுதத் தூண்டியது.

மக்களை ஏமாற்றுவது சாமியாரா, அறியாமையா என்பது அன்றைய தலைப்பு. அறியாமையே என்ற அணியில் நான் பேசினேன். வெறுங்கையிலிருந்து திருநீறு வரவழைத்துக் காட்டினேன். வித்தை மிக எளியது. சாம்பலை அரிசிக் கஞ்சியில் குழைத்து, சிறு உருண்டைகளாக உருட்டி உலர்த்தி, விரல் இடுக்கில் மறைத்துக்கொள்ள வேண்டும்; நசுக்கினால் திருநீறு கொட்டும். கொழும்பில் வாழ்ந்த ஆபிரகாம் கோவூர் 1963இல், தெய்விக ஆற்றலைச் சோதனைக்கு உட்பட்டு மெய்ப்பிப்பவர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் தருவதாக அறிவித்ததையும், 1978இல் அவர் இறக்கும் வரையில் அந்தப் பணத்தை ஒருவரும் வெல்லவில்லை என்பதையும் எடுத்துச் சொன்னேன். கைதட்டல் மண்டபத்தை நிறைத்தது.

அப்போது முதலாண்டு மாணவி ஒருத்தி எழுந்து, "அண்ணா, உங்கள் ஊரில் இப்படி யாராவது இருந்தார்களா? நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டாள்.

"எங்கள் ஊரில் அப்படி யாரும் இல்லை" என்றேன்.

இருந்தார். நான் என்ன செய்தேன் என்பதுதான் சொல்லக் கூசும் செய்தி.

என் ஊர் குடிபாலா. சித்தூரிலிருந்து வேலூருக்குப் போகும் சாலையில், தமிழ்நாட்டு எல்லைக்குச் சற்று முன்னால் இருக்கிறது. 1911இல் சித்தூர் மாவட்டம் அமைவதற்கு முன் எங்கள் பகுதி வட ஆற்காட்டைச் சேர்ந்தது. ஆகவே பள்ளியில் தெலுங்கு, வீட்டில் தமிழ், சந்தையில் இரண்டும் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். 2022இல் மாவட்டத்தைப் பிரித்துத் திருப்பதியைத் தனி மாவட்டமாக்கினார்கள். ஆயினும் எங்கள் வாழ்க்கையின் திசைகள் மாறவில்லை. உடம்புக்கு ஒன்று என்றால் தெற்கே வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போவோம். மனத்துக்கு ஒன்று என்றால் வடக்கே திருப்பதி மலைக்குப் போவோம்.

இந்த இரண்டு வழிகளாலும் ஆறாத துயரம் சிலருக்கு இருக்கும் அல்லவா? அத்தகையவர்களுக்காகவே வந்தவர் போல, ஊருக்கு வெளியே ஒரு மாந்தோப்பில் கொட்டகை போட்டுக்கொண்டு ஒரு சாமியார் வந்து அமர்ந்தார். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவர் மீது எந்த வழக்கும் இல்லை. நான் சொல்ல வந்தது அவருடைய குற்றத்தை அன்று; என்னுடையதை.

அவர் திருநீறு வரவழைக்கவில்லை, லிங்கம் கக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு "காட்சி" காண்பார். இறந்து போனவர்கள் எங்கே இருக்கிறார்கள், என்ன குறையோடு இருக்கிறார்கள் என்று சொல்வார். என் பெரியம்மா ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பெரியப்பா ஒரு விடியற்காலையில் வயலுக்குப் போனவர் பிணமாகத் திரும்பினார். கடைசியாக ஒரு வார்த்தை பேசவில்லையே என்ற ஏக்கம் பெரியம்மாவை அரித்துக்கொண்டிருந்தது. சாமியார் கண்ணை மூடினார். "அவர் இன்னும் வெளிச்சத்துக்கு வந்து சேரவில்லை, 48 நாள் விளக்கேற்ற வேண்டும், ஆனால் இதை வெளியே சொன்னால் பலன் போய்விடும்" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் எல்லாம் இருந்தது என்பதை நான் உணர்வதற்குப் பல ஆண்டுகள் ஆயின. 48 நாள் பலமுறை நீண்டது. பெரியம்மாவின் இரட்டை வடச் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிற்று. என் அம்மாவுக்கும் நைனாவுக்கும் ஒன்றும் தெரியாது. வெள்ளிக்கிழமைதோறும் எண்ணெய்த் தூக்கைச் சுமந்துகொண்டு பெரியம்மாவுடன் தோப்புக்குப் போனவன் நான் ஒருவன்தான். அது 2014ஆம் ஆண்டு. எனக்கு வயது 11.

தோப்பில் என் வயதில் ஒரு சிறுவன் இருந்தான். தண்ணீர் எடுப்பது, பாத்திரம் விளக்குவது, சாமியார் கால் பிடிப்பது அவன் வேலை. மொட்டைத் தலை; இடுப்பில் ஒரு காவித் துண்டு. எல்லாரும் அவனைச் சின்னசாமி என்று அழைத்தார்கள். பூசை நடக்கும்போது நாங்கள் இருவரும் கிணற்றடியில் கோலி ஆடுவோம். ஒரு நாள் அவன் குனிந்தபோது முதுகைப் பார்த்தேன். சூடு போட்ட தழும்புகள். சில பழையவை, ஒன்று இன்னும் ஆறவில்லை.

"சாமிக்குக் கோவம் வந்தா இப்படித்தான். யாருகிட்டயும் சொல்லிடாத" என்றான். பிறகு சாலைப் பக்கம் பார்த்து, "வேலூருக்கு பஸ்ஸுக்கு எவ்வளவு காசு?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்றும் சொல்லவில்லை. அது என் முறை, கோலியை அடித்தேன்.

ஆனால் அன்று மாலை பெரியம்மாவிடம் சொல்லிவிட்டேன். பெரியம்மாவின் முகம் ஒரு கணம் மாறியது. பிறகு கற்பூரத்தை ஏற்றினார்.

"சாமி விஷயம்டா கண்ணு. அந்தப் பையனுக்கு ஏதோ தோஷம். அதைப் போக்கத்தான் சாமி தண்டிக்கிறாரு. நைனாகிட்ட சொன்னியோ, பெரியப்பாவுக்குப் போற வெளிச்சம் நின்னுடும். சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

சுடரின் மேல் கையை வைத்துச் சத்தியம் செய்தேன். அச்சத்தியத்தை மிக நன்றாகக் காப்பாற்றினேன்.

சில வாரங்கள் கழித்துப் போனபோது கிணற்றடியில் வேறொருவர் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தார். சின்னசாமி எங்கே என்றேன். "ஊருக்குப் போயிட்டான்" என்றார்கள். எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. பெரியம்மா கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை பூசைக்கு வந்த ஐம்பது அறுபது பேரில் ஒருவரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. அடுத்த மாங்காய்ப் பருவத்துக்கு முன்பே சாமியாரும் வேறெங்கோ போய்விட்டார். கொட்டகை கறையானுக்கு இரையாயிற்று.

பட்டிமன்றத்துக்குக் குறிப்புத் தேடி நூலகத்தில் பழைய வழக்குகளைப் படித்திருந்தேன். அவற்றுள் ஒன்றை மேடையில் வேண்டுமென்றே விட்டுவிட்டேன். அதைச் சொன்னால் சிரிப்பு வராது. பொய் சொன்ன அன்றிரவு விடுதி அறையில் அதை மறுபடி படித்தேன். நம்மில் பலர் பெயரளவில் கேள்விப்பட்ட பிரேமானந்தா வழக்கு அது.

பிரேமானந்தா 1951இல் இலங்கையின் மாத்தளையில் பிறந்தவர். 1983 கலவரத்துக்குப் பின் ஆதரவற்ற குழந்தைகள் சிலரை அழைத்துக்கொண்டு தமிழ்நாட்டுக்கு வந்தார். திருச்சியை அடுத்து, புதுக்கோட்டை மாவட்டத்தில் உள்ள பாத்திமா நகரில் 1989இல் அவருடைய ஆசிரமம் எழுந்தது. சிவராத்திரிதோறும் வாயிலிருந்து லிங்கம் எடுத்துக் காட்டுவார் என்று கூட்டம் திரண்டது. ஐரோப்பாவிலிருந்தும் அடியார்கள் வந்தார்கள். அநாதைப் பிள்ளைகளுக்குச் சோறும் கல்வியும் தரும் மகான் என்ற புகழ் பரவியது.

1994இல் அங்கிருந்து தப்பி வந்த பெண்கள் வாய் திறந்தார்கள். அவ்வாண்டு நவம்பரில் அவர் கைதானார். ஆசிரமத்து மண்ணைத் தோண்டியபோது ஓர் உடல் கிடைத்தது. இலங்கையிலிருந்து வந்து அங்கே தங்கியிருந்த இளைஞர் ஒருவரின் உடல் அது. அங்குள்ள பெண்களுக்கு நேர்வதைக் கண்டு எதிர்த்தார் என்பதே அவர் கொல்லப்பட்டதற்கு வழக்கில் சொல்லப்பட்ட காரணம். ஒரு பெண்ணின் கருவிலிருந்து எடுத்த மாதிரியைக் கொண்டு மரபணுச் சோதனை நடந்தது. தந்தை பிரேமானந்தா என்று அது காட்டியது. அவருக்காக ராம் ஜெத்மலானி வாதாடினார். வெளிநாட்டு நிபுணர் ஒருவரும் சாட்சி சொல்ல வந்தார். 1997 ஆகஸ்டு 20இல் புதுக்கோட்டை அமர்வு நீதிமன்றம், 13 பெண்களைக் கெடுத்ததற்கும் ஒரு கொலைக்கும் இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. தீர்ப்பளித்தவர், பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான பானுமதி. 2002இல் சென்னை உயர் நீதிமன்றமும், 2005 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் அத்தண்டனையை உறுதி செய்தன. 2011 பிப்ரவரியில், கைதியாகவே, கடலூரில் ஆஸ்பத்திரியில் அவர் இறந்தார். அவர் குற்றமற்றவர் என்று நம்புகிற அடியார்கள் அதற்குப் பின்னும் இருந்தார்கள்.

நண்பர்களே, இதைப் படித்தபோது என்னைக் குத்தியது லிங்கம் அன்று, ஆண்டுக் கணக்கு. ஆசிரமம் எழுந்தது 1989இல். உண்மை வெளிவந்தது 1994இல். இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் எத்தனை பேர் அந்த வாயிலில் நுழைந்து வெளியேறியிருப்பார்கள்! அத்தனை பேரும் கெட்டவர்களா? இல்லை. அத்தனை பேரும் மூடர்களா? அதுவும் இல்லை. அழுத முகத்தோடு ஒரு பெண்ணைக் கண்டால், வீட்டு நினைவு போலும் என்று தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டவர்கள் அவர்களிடையே இருந்திருக்க மாட்டார்களா? அப்படிச் சமாதானம் சொல்லிக்கொள்வது எவ்வளவு எளிது என்பதை மாந்தோப்பில் நானே கண்டிருக்கிறேன். அங்கிருந்த பிள்ளைகளோ, போரிலும் கலவரத்திலும் உற்றாரை இழந்தவர்கள். அவர்களைக் காணவில்லையே என்று வெளியிலிருந்து தேடி வரத் தாயில்லை, தந்தையில்லை. ஒருவனுக்கு முழு அதிகாரம் தருவதற்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

இதற்கு நேர்மாறாக, கேட்க ஆள் இருந்த ஒரு வழக்கையும் படித்தேன். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ரெக்ஸ்பர்க் என்ற ஊரில் சாட் டேபெல் என்பவர் வாழ்ந்தார். மார்மன் சபையைச் சேர்ந்தவர். ஒரு காலத்தில் கல்லறைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். உலக முடிவைப் பற்றிக் கதைகள் எழுதியவர். மறு உலகக் காட்சிகள் தமக்குத் தெரிவதாகவும், எவர் ஒளியைச் சேர்ந்தவர், எவர் இருளைச் சேர்ந்தவர் என்று தம்மால் கூற முடியும் என்றும் சொன்னார். அது அவருடைய சொந்தப் போதனை. அச்சபையின் போதனை அன்று. ஒரு சிறு கூட்டம் அவரை நம்பியது. அவர்களுள் லோரி வால்லோ என்ற பெண் ஒருத்தி. 2019 செப்டம்பரில் அவளுடைய 16 வயது மகளும், வளர்ப்பு மகனான 7 வயதுச் சிறுவனும் காணாமற் போனார்கள். அக்டோபரில் டேபெலின் மனைவி உறக்கத்தில் இறந்ததாகச் சொல்லப்பட்டது. நவம்பரில் அவ்விருவரும் ஹவாய்த் தீவில் கடற்கரையில் மணம் செய்துகொண்டார்கள்.

அந்தச் சிறுவனுக்கு வேறு மாநிலத்தில் ஒரு பாட்டி இருந்தாள். பேரனின் குரலைக் கேட்டு நாளாயிற்றே, அவன் எங்கே என்று அவள் விடாமல் கேட்டாள். அவள் கேட்டதனால் போலீசார் லோரியின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். பையன் என் தோழி வீட்டில் இருக்கிறான் என்றாள் லோரி. அப்படியே சொல்லும்படி தோழியையும் வேண்டிக்கொண்டார்கள். அத்தோழியும் அக்கூட்டத்தின் நம்பிக்கையில் பங்கு கொண்டவள்தான். முதலில் அவள் உண்மையை மறைத்தாள். சில நாள் கழித்து மனம் பொறுக்காமல் போலீசாரைத் தானே அழைத்து, சிறுவன் என்னிடம் இல்லை என்று சொல்லிவிட்டாள். பிறகு அவ்விருவரோடும் தொலைபேசியில் பேசி, அப்பேச்சைப் பதிவும் செய்தாள். நீதிமன்றத்தில் அது ஒலித்தது. 2020 ஜூன் 9இல் இரு குழந்தைகளின் உடல்களும் டேபெலின் வீட்டுத் தோட்டத்து மண்ணில் கிடைத்தன. 2023இல் லோரிக்கு ஆயுள் தண்டனை. 2024 ஜூனில் டேபெலுக்கு, தம் மனைவியையும் அவ்விரு குழந்தைகளையும் கொன்றதற்காக, மரண தண்டனை.

குழந்தைகள் உயிரோடு மீளவில்லை. அதை எண்ணினால் நெஞ்சு அடைக்கிறது. ஆனால் அவர்கள் தோட்டத்து மண்ணோடு மறைந்து போகாமல் தடுத்தவை இரண்டு: ஒரு பாட்டியின் கேள்வி, ஒரு தோழியின் உடைந்த மௌனம்.

நான் அன்று மேடையில் அறியாமையைக் குற்றம் சாட்டினேன். கல்வி வந்தால் இவை ஒழியும் என்றேன். எங்கள் பழைய சித்தூர் மாவட்டத்திலேயே, மதனப்பள்ளியில், 2021 ஜனவரியில் நன்கு படித்த பெற்றோர் இருவர், மீண்டும் உயிர்த்தெழுவார்கள் என்று நம்பித் தம் மகள்கள் இருவரையும் கொன்றதாகக் கைது செய்யப்பட்டார்கள். என் பெரியம்மா ஆயிரம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவர். நானோ வகுப்பில் முதல் மாணவன். எங்களிடம் இல்லாதது கல்வி என்று எப்படிச் சொல்வேன்?

பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போனேன். மாட்டுப் பொங்கலன்று மாலை பெரியம்மா திண்ணையில் தனியே அமர்ந்திருந்தார். அருகே உட்கார்ந்தேன்.

"பெரியம்மா, அந்தச் சின்னசாமி என்ன ஆனான்?"

நெடுநேரம் பதில் இல்லை. மறந்துவிட்டார் போலும் என்று எண்ணினேன். பிறகு அவர் சொன்னது நான் எதிர்பாராதது.

"உன்னைவிட எனக்குத்தான்டா அதிகம் தெரியும். ஒரு நாள் ராத்திரி அவன் நம்ம வீட்டுக்கு வந்தான். பின்பக்கக் கதவைத் தட்டினான். 'டீச்சரம்மா, பஸ்ஸுக்குக் காசு குடுங்க'ன்னான். மழை பெய்யுது. தலையைத் துவட்டி விட்டேன். சோறு போட்டேன். சாப்பிட்டான்."

"அப்புறம்?"

"கையைப் பிடிச்சுக் கூட்டிப் போய்த் தோப்புலயே விட்டுட்டு வந்தேன். வழியெல்லாம் அவன் ஒண்ணும் பேசல. நானும் பேசல. அடுத்த வெள்ளிக்கிழமை அவன் இல்ல."

11 ஆண்டுகள் அதை அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. "காசு எடுக்கத்தான் உள்ளே போனேன்டா. பெட்டியத் திறந்தேன். உன் பெரியப்பா போட்டோ இருந்துச்சு. வெளிச்சம் நின்னுடுமேன்னு பயம் வந்துடுச்சு. செத்தவரு வெளிச்சத்தைப் பார்த்தேன். உசுரோட நின்ன புள்ளையப் பாக்கலியே" என்று தலையில் அடித்துக்கொண்டார். நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். ஆறுதல் சொல்லும் தகுதி எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை.

மறுநாள் நைனாவிடமும் அம்மாவிடமும் எல்லாவற்றையும் சொன்னோம். கற்பூரத்தின் மேல் செய்த சத்தியத்தை, செய்வித்தவரே அருகில் இருக்க, முறித்தேன். நைனா கோபிப்பார் என்று அஞ்சினேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, "வாங்க, போய்க் கேப்போம்" என்று மட்டும் சொன்னார்.

தோப்புக்காரரைக் கேட்டோம். சாலையோரத்து டீக்கடையில் கேட்டோம். பூசைக்கு வந்துகொண்டிருந்தவர்களைத் தேடிப் பிடித்துக் கேட்டோம். எல்லாருக்கும் அவனை நினைவிருந்தது. "பாவம், நல்ல பையன்" என்றார்கள். முதுகுத் தழும்பைப் பார்த்தவர்கள், எங்களையல்லாமல், மூன்று பேர் இருந்தார்கள். மூவரும் தாம் ஒருவரே பார்த்ததாக எண்ணியிருந்தார்கள். டீக்கடைக்காரர், அவன் அரக்கோணம் பக்கத்துப் பேச்சுப் பேசினான் என்றார். தோப்புக்காரர், தெலுங்குப் பிள்ளை என்றார். யாரோ ஒரு மாமன் வந்து கூட்டிக்கொண்டு போனதாகக் கேள்வி என்றார் ஒருவர். யார் சொன்னது என்றால் அவருக்கும் நினைவில்லை.

அவன் எங்கோ நலமாக இருக்கலாம். என் வயதில், ஒரு பட்டறையிலோ லாரியிலோ வேலை பார்த்துக்கொண்டு, சட்டைக்குள் அத்தழும்புகளோடு வாழ்ந்துகொண்டிருக்கலாம். அப்படியே இருக்க வேண்டும் என்று நாள்தோறும் வேண்டிக்கொள்கிறேன். ஆனால் எனக்குத் தெரியாது.

காவல் நிலையத்தில் மனுக் கொடுக்கப் போனோம். பெரியம்மா தம் அழகிய ஆசிரியைக் கையெழுத்தில் மனுவைத் தாமே எழுதினார். தாம் அவனைத் திரும்பக் கொண்டுபோய் விட்டதையும் மறைக்காமல் எழுதினார். எழுத்தர் பொறுமையாகப் படித்துவிட்டு, "காணாமற் போன பையன் பேரு என்னம்மா?" என்று கேட்டார்.

பெரியம்மா என்னைப் பார்த்தார். நான் பெரியம்மாவைப் பார்த்தேன்.

வகுப்பில் புதிதாக ஒரு பிள்ளை வந்தால் முதலில் பெயரைக் கேட்பது ஆசிரியர் வழக்கம். பெரியம்மா முப்பது ஆண்டுகள் அதைச் செய்தவர். கோலி ஆடும் சிறுவர்கள் ஒருவரையொருவர் முதலில் கேட்பதும் பெயரைத்தான். நாங்கள் இருவருமே கேட்கவில்லை. சின்னசாமி என்று அங்கே சூட்டிய பெயரே போதும் என்று இருந்துவிட்டோம். அப்பெயர் அவனுடையதன்று, சாமியாருடைய பெயரின் நிழல். "பெயர்: தெரியாது" என்று எழுதிக்கொண்டார் எழுத்தர். எழுதிய அவர் மீது எனக்கு வருத்தம் இல்லை. பெயரில்லாத ஒருவனை, 11 ஆண்டுகள் கழித்து, அவர்தாம் எங்கே தேடுவார்?

மனுவின் கடைசிப் பக்கத்தில் பெரியம்மா கையெழுத்திட்டபோது அவர் கை நடுங்கவில்லை. வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு, "இனிமே யாராச்சும் கேட்டா நடந்ததைச் சொல்லுடா. என் பேரு கெட்டாலும் பரவால்ல" என்றார். அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். பெரியப்பாவின் படத்துக்கு அவர் இப்போதும் விளக்கேற்றுகிறார். திருப்பதிக்கும் போய் வருகிறார். அவருடைய பக்தியை நான் குறை சொல்லவில்லை. நட்ட நடுவீதியில் எல்லார் கண்ணெதிரே ஏற்றக்கூடிய விளக்கினால் ஒருவருக்கும் கேடில்லை. "வெளியே சொல்லாதே" என்ற நிபந்தனையோடு ஏற்றச் சொன்ன விளக்கைத்தான் அன்றே ஊதி அணைத்திருக்க வேண்டும்.

நம் காலத்தில் சட்டங்களுக்குக் குறைவில்லை. பிள்ளைகளை வைத்துப் பராமரிக்கும் எந்த இடமும் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்கிறது 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம். பாலியல் கொடுமை நடப்பது தெரிந்தால் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். 1098 என்ற எண்ணுக்கு எவரும் அழைக்கலாம், காசு வேண்டாம். ஆனால் இவையெல்லாம் யாரேனும் ஒருவர் வாய் திறந்த பிறகே வேலை செய்யத் தொடங்கும். 11 வயதில் எனக்கு அந்த எண் தெரியாது. நைனாவைத் தெரியும். அவர் அடுத்த அறையில்தான் படுத்திருந்தார்.

விடுமுறைக்கு ஊர் செல்லும் நண்பர்களே, உங்கள் ஊர்க் கோவிலிலோ, மடத்திலோ, ஓட்டலிலோ, செங்கல் சூளையிலோ, உறவினர் வீட்டிலோ தண்ணீர் சுமக்கும் ஒரு பிள்ளையைக் காண்பீர்கள். திருநீற்று வித்தையை விளக்க நேரமில்லாவிட்டாலும் குற்றமில்லை. அவனருகே போய் நின்று, உன் பெயர் என்ன, உன் ஊர் எது என்று கேளுங்கள். அடுத்த முறை போகும்போது அதே பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். அவன் அங்கே இல்லாவிட்டால், எங்கே என்று உரக்கக் கேளுங்கள்.

பட்டிமன்றத்தில் என்னைக் கேள்வி கேட்ட தங்கைக்கு என் விடை இதுதான்: எங்கள் ஊரில் ஒருவர் இருந்தார். நான் ஒன்றும் செய்யவில்லை. உன்னைப்போல் எழுந்து நின்று கேட்க ஒருவர் அன்று எங்கள் தோப்பில் இருந்திருக்கலாம்.